ஏழாவது ஆள்

பாமீரில் ஜனவரி.
பேனாவை அக்குளில் இடுக்கித்தான் எடுத்துப்போவேன்,
இல்லாவிட்டால் மை உறைந்துவிடும்.
லாரியில் நிலக்கரி முப்பத்தெட்டு மூட்டை,
கம்பளி அறுபது,
என் மடியில் பதிவேடு.
கராபுலாக்கில் வீடுகள் பத்தொன்பது.
கணக்கு எளிது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்:
வீட்டுக்கு இரண்டு மூட்டை,
இருவருக்கு ஒரு கம்பளி,
ரஷ்யாவில் சம்பாதிக்கும் ஆண் இருந்தால்
நிலக்கரி பாதி.

பதினான்காவது வீடு ஜிபார்குலுடையது.
கதவு திறந்ததும் முகத்தில் மோதியது
ஆட்டுக்கொழுப்பும் சாணப்புகையும் ஈரமயிரும் கலந்த வெக்கை.
வெக்கை என்பது பெரிய வார்த்தை.
வெளியே இருந்ததைவிடக் கொஞ்சம் இளைத்த குளிர்.
அடுப்பில் தெரெஸ்கென் வேர்.
ஒரு முழம் வளரப் பல வருடம் எடுக்கும் புதர்,
ஒரு தேநீர் கொதிப்பதற்குள் சாம்பல்.

"எத்தனை பேர்?"
"ஏழு."
எண்ணினேன். அவள், மாமனார், பிள்ளைகள் நால்வர்.
"ஆறுதானே? ஏழாவது உங்கள் கணவரா?
ரஷ்யாவிலா?"
"மூன்று குளிர்காலமாக அவர் எண்ணுக்கு அடித்தால்
வேறு யாரோ எடுக்கிறார்கள்.
அவரை எழுதாதீர்கள்.
ஏழாவது, அதோ."

அடுப்புக்குப் பின்னால்
பிள்ளைகள் சாய்ந்துகிடந்த கருப்பு மெத்தை
கண் திறந்து என்னைப் பார்த்தது.
கவரிமாக் கன்று.
தாய் நவம்பர்ப் பனிச்சரிவில் போயிற்றாம்.

"இது ஆள் இல்லை, அக்கா."
"ராத்திரி வந்து பாருங்கள்.
கடைக்குட்டி அதன் வயிற்றோடு ஒட்டித்தான் தூங்குகிறான்.
விடிந்தால் அந்தச் சுவரில் மட்டும் உறைபனி இருக்காது.
போனவர் எவ்வளவு சூடு அனுப்பினார் என்று
உங்கள் ஏட்டில் கட்டம் இருக்கிறதா?"

வெளியே நெக்கதம் ஹாரன் அடித்தான்.
இஞ்சினை அணைத்தால்
ஏப்ரலில்தான் உயிர் வரும்.

நான் உத்தமன் இல்லை.
போன வருடம் மூட்டைக்கு நான்கு கிலோ குறைந்ததைத்
தூக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டும்
கையெழுத்துப் போட்டவன்.
அதனால்தானோ என்னவோ.

கணவர்: ஒரு கோடு.
ஏழாவது நபர், பெயர்?
"டோபோஸ்பெக்," என்றாள்
முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.
டோபோஸ் என்றால் அவர்கள் பேச்சில் கவரி.
மூத்தவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.
கன்றுக்கு எட்டு மாதம்.
குழந்தை என்றால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள்.
வயது பதினெட்டு என்று எழுதினேன்.
உடல்நிலை: நன்று. கல்வி: இல்லை.
கம்பளி நான்கு, நிலக்கரி முழுசாக.

விதிப்படி ஒரு படம்:
மூட்டையைத் தொட்டபடி, சிரித்தபடி.
அவள் முக்காட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி கட்டிக்கொண்டாள்.
சிரிக்கவில்லை.
நானும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

மே மாதம் துஷான்பேயிலிருந்து சரிபார்க்க வந்தார் ஒருவர்.
சுத்தமான காலணி.
பட்டியலில் விரல் நிறுத்தி,
"டோபோஸ்பெக் எங்கே?"
நான் கூரையின் ஒழுகலைப் பார்த்தேன்.
ஜிபார்குல் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"ரஷ்யாவுக்குப் போய்விட்டான்."

அவர் தலையாட்டினார். யார்தான் போகவில்லை.
"பணம் அனுப்புகிறானா?"
"அவனும் அனுப்புவதில்லை."

ச்சு கொட்டிவிட்டு எழுதினார்:
சம்பாதிக்கும் ஆண், ஒன்று, ரஷ்யாவில்.
சன்னலுக்கு வெளியே
சம்பாதிக்கும் ஆண்
அவர் ஜீப்பின் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தான்.
எழுதியதைத் தலைகீழாக வாசித்தும்
நான் வாய் திறக்கவில்லை.
திறந்தால் என்ன சொல்வது, எங்கிருந்து.

மறுபடி ஜனவரி.
அக்குளில் பேனா.
பதினான்காவது வீட்டுக்கு ஒரே மூட்டை,
அதையும் நானே முதுகில் சுமந்து போகிறேன்.
கொம்பு முளைத்த டோபோஸ்பெக்
இப்போது வாசலில் நுழையமாட்டான்.
கதவுநிலையை ஒரு பக்கம் இடித்து
அகலப்படுத்திக்கொண்டிருக்கிறாள் அவள்,
அந்தக் குளிரில்.

"எத்தனை பேர்?" என்கிறேன்.
கோடரியை இறக்கிவைக்கிறாள்.
"நீங்கள் சொல்லுங்கள்," என்கிறாள்.